வீட்டைச் சுமக்கும் வண்டியும் வில்லின் விதியும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

நத்தை தன் வீட்டைத் தன் முதுகிலேயே சுமந்து செல்வதை மழைக்காலத்தில் நாம் காண்கிறோம். மனிதனும் அதுபோல் வீட்டைச் சுமந்துகொண்டு ஊர் சுற்ற விரும்பினால் என்ன செய்வான்? அந்த விருப்பத்தை நிறைவேற்றிக் கொண்டவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 'பிக்கப்' எனப்படும் சிறு சுமை வண்டியின் திறந்த பெட்டிக்குள் அப்படியே நுழைத்து வைத்துவிடக்கூடிய அறை ஒன்றைச் செய்கிறார்கள். அதற்குக் 'கேம்பர்' என்று பெயர். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கழிவறைகூட அதற்குள் அடக்கம். பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் அறையின் நான்கு மூலைகளிலும் உள்ள ஜாக்கிகளைத் தரையில் ஊன்றி அறையை நிறுத்திவிட்டு, வண்டியை மட்டும் அதன் அடியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். நம் ஊரில் கேரவன் என்றால் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியே நினைவுக்கு வரும். அது வண்டியோடு சேர்த்தே கட்டப்பட்டது. கேம்பர் அப்படியன்று, அது வண்டிக்கு ஒரு சுமை.

இலக்கிய மாணவர்களுக்கு இத்தகைய வண்டி ஒன்று அறிமுகமாகியே இருக்கும். 1962ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஜான் ஸ்டைன்பெக், 1960ஆம் ஆண்டில் முக்கால் டன் பிக்கப் வண்டி ஒன்றின்மேல் கேம்பரை ஏற்றிக்கொண்டு, சார்லி என்ற தம் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். அந்த அனுபவத்தை 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற நூலாக 1962இல் வெளியிட்டார். தான் குயிக்சாட்டின் குதிரைப் பெயரான ரோசினாண்டே என்பதையே தம் வண்டிக்கும் சூட்டினார். கலிபோர்னியாவின் சலினாஸ் நகரிலுள்ள ஸ்டைன்பெக் நினைவு மையத்தில் அவ்வண்டி காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

அந்நூலை நம் கல்லூரி நூலகத்தில் எடுத்துப் படித்தபோது எனக்கு இலக்கியத்தைவிட அந்த வண்டியின் பின்சக்கரங்களின் மீதே கவனம் சென்றது. அதற்குக் காரணம் உண்டு. என் சித்தப்பா நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை வேலை செய்யும் பட்டறையில் இருக்கிறார். விடுமுறை நாள்களில் அங்கே நின்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு வண்டி நிமிர்ந்து நிற்கிறதா, அமுங்கி நிற்கிறதா என்பதுதான் முதலில் தெரியும். கேம்பர் ஏற்றிய வண்டிக்கு வில் அமைப்பை எவ்வாறு வலுப்படுத்துவது, அவ்வாறு வலுப்படுத்துவதால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

மூவகையில் வேறுபட்ட சுமை

அமெரிக்கப் பிக்கப் வண்டிகளை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று வழங்குவர். இவை பழைய நாளில் வண்டி சுமந்த அளவைக் குறித்த பெயர்கள். இன்று வெறும் வகைப்பெயர்களே. இன்றைய வண்டிகள் பெயரைவிடக் கூடுதலாகச் சுமக்கும்.

மணலோ செங்கலோ ஏற்றும் சுமைக்கும் கேம்பருக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு. முதலாவது, மணலை இறக்கியதும் வண்டிக்கு ஓய்வு. கேம்பரோ பயணம் முழுவதும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரமும் வண்டியின்மேல் அமர்ந்திருக்கும். இரண்டாவது, மணல் பெட்டியின் அடியில் தாழ்வாகக் கிடக்கும். கேம்பர் ஓட்டுநரின் தலைக்கும் மேலே உயர்ந்து நிற்கும். மூன்றாவது, கேம்பரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மீதே விழும். இம்மூன்றும் சேர்ந்து வண்டிக்கு மூன்று நோய்களைத் தருகின்றன. அவை அமுங்குதல், குதித்தல், சாய்தல் என்பன. நோயைப் பார்க்கும்முன் வில்லின் இயல்பைத் தெரிந்துகொள்வோம்.

ஹூக் கண்ட உண்மை

ஒரு வில்லை எவ்வளவு விசையோடு இழுக்கிறோமோ அந்த அளவுக்கு அது நீளும் என்பது ராபர்ட் ஹூக் கண்ட விதி. பிறர் தம் கண்டுபிடிப்பைத் தமதாக்கிக் கொள்ளாதபடி, 1676இல் அவர் அதனை எழுத்துகளை மாற்றி அடுக்கிய ஒரு புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார். இந்த எளிய விதியே இன்றும் வண்டிகளைத் தாங்கி நிற்கிறது.

வண்டிக்கு வில் பூட்டும் பழக்கம் நமக்குப் புதிதன்று. கட்டை வண்டியில் குலுங்கிப் போனவர்கள் வில்வண்டியில் ஏறியபோது கண்ட சுகத்தை நம் பாட்டன்மார் அறிவர். வில்வண்டியின் அடியில் இருந்ததும், லாரியின் அடியில் இருப்பதும், பிக்கப் வண்டிகள் பெரும்பாலானவற்றின் பின் அச்சின்மேல் இருப்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பட்டை வில்தான். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804இல் குதிரை வண்டிகளுக்கான பட்டை வில்லுக்கு உரிமம் பெற்ற பிறகு, அது எங்கும் பரவியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பிக்கப் வண்டியின் பின்புறத்தில் இரண்டு பட்டை வில்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. அமுங்க 50 கிலோ சுமை வேண்டும் எனக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து செ.மீ.க்கு 100 கிலோ. கேம்பரால் பின்புறத்தின் மீது 1400 கிலோ ஏறினால் வண்டி 14 செ.மீ. அமுங்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 400 செ.மீ. என்றால், வண்டி ஏறத்தாழ 2 பாகை பின்பக்கமாகச் சாய்ந்து, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். 2 பாகைதானே என்று எண்ணிவிடக் கூடாது. முகப்பு விளக்கின் ஒளி 25 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 87 செ.மீ. உயர்ந்துவிடும். எதிரே வருபவரின் கண் கூசும். மேலும், வில் அமுங்க இருந்த இடமெல்லாம் முன்னரே தீர்ந்துவிட்டதால், சிறு பள்ளத்தில்கூட அச்சு மேலேறிச் சட்டத்தின் ரப்பர்க் கட்டையில் 'டங்' என்று மோதும். இதுவே அமுங்குதல் என்னும் முதல் நோய்.

பட்டையின் கணிதம்

பட்டை வில்லில் நீளமான முதற்பட்டை சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதன்கீழ் வரிசையாக நீளம் குறைந்த பட்டைகள் அடுக்கப்பட்டு, நடுவில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். வளைப்பு விசை நடுவில்தான் மிகுதி, ஓரத்தில் குறைவு. எனவே நடுவில் பல பட்டைகளும் ஓரத்தில் ஒன்றுமாக இருப்பது சிக்கனமான அமைப்பாகும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டமும் ஓரளவு தானாகவே அடங்கும்.

இதை விறைப்பாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. சம கனமுள்ள நான்கு பட்டைகளோடு ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தால், விறைப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடும். மற்றொன்று, பட்டையின் கனத்தைக் கூட்டுவது. இங்கே வியப்பு ஒன்று உள்ளது. விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. பட்டையைப் போட்டால், கனம் கால் பங்குதான் கூடுகிறது. விறைப்போ ஏறத்தாழ இரு மடங்காகிறது!

அப்படியானால் கனத்த ஒரே பட்டையைப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். நான் கேட்டதும் உண்டு. ஒரே அளவு வளைக்கும்போது, கனத்த பட்டையின் மேற்பரப்பு மெல்லிய பட்டையின் மேற்பரப்பைவிட அதிகமாக நீள வேண்டியிருக்கிறது. அதாவது தகைவு கூடுகிறது. பட்டை விரைவில் முறியும். பல மெல்லிய பட்டைகளை அடுக்குவதன் இரகசியம் இதுதான். தனி ஓலை வளையும். கட்டிய பாய் வளைந்தும் கொடுக்கும், பாரமும் தாங்கும்.

விறைப்பாக்கினால் போதுமா?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வில்லின்மேல் நிற்கும் பொருள் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. சுமையால் வில் எத்தனை செ.மீ. அமுங்கி நிற்கிறதோ அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். நாம் படித்த தனிச்சீரிசை இயக்கத்தின் சூத்திரத்திலிருந்து இதை நீங்களே வருவித்துப் பார்க்கலாம்.

நம் வண்டியின் பின்வில்களின் மீது, வெறும் வண்டியாக இருக்கும்போது 1000 கிலோ நிற்கிறது என்று கொள்வோம். 10 செ.மீ. அமுக்கம், நொடிக்கு ஏறத்தாழ 1.6 ஆட்டம். மனித உடலுக்கு இது தாங்கக்கூடியதே. நாம் நடக்கும்போது நம் உடல் எழுந்து தாழும் வேகத்துக்கு இது அருகில் உள்ளது. கேம்பர் ஏறியதும் சுமை 2400 கிலோ ஆகிறது. அமுக்கம் 24 செ.மீ.; நொடிக்கு ஒரே ஆட்டம். வண்டி படகுபோல் மிதக்கும்.

இதைத் தீர்க்க, வில்லை இருமடங்கு விறைப்பாக்குவோம். கேம்பரோடு அமுக்கம் 12 செ.மீ.; ஆட்டம் 1.4. மிக நன்று. ஆனால் கேம்பரை இறக்கி வைத்த நாளில்? அமுக்கம் 5 செ.மீ.தான், ஆட்டம் 2.2 ஆக உயர்ந்து, முதுகெலும்பைச் சோதிக்கும். காலி லாரியில் மேட்டூர்ச் சாலையில் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆக, சுமை இருக்கும்போது விறைப்பாகவும் இல்லாதபோது மென்மையாகவும் இருக்கும் வில் வேண்டும். ஹூக்கின் விதியை வேண்டும்போது மீறும் வில் அது! அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, உதவிப் பட்டை. முதன்மை அடுக்கின்மேல் குட்டையான பட்டைகள் சிலவற்றை வைப்பர். காலியாக இருக்கும்போது அவற்றின் நுனிகள் எதையும் தொடாமல் சும்மா இருக்கும். வண்டி அமுங்கியதும் சட்டத்திலுள்ள தாங்கிகளைத் தொட்டு, அப்போதுதான் சுமையில் பங்கேற்கும். நம் லாரிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு.

இரண்டாவது வழி, காற்றுப்பை. அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் தடித்த ரப்பர்ப் பையை வைத்துக் காற்றை அடைப்பார்கள். 1662இல் பாயில் வெளியிட்ட விதிப்படி, வாயுவை எவ்வளவு சிறிய இடத்தில் அடைக்கிறோமோ அவ்வளவு அழுத்தம் கூடும். எனவே அமுங்க அமுங்கப் பை தானாகவே விறைக்கிறது. கேம்பரை ஏற்றினால் காற்றைக் கூட்டலாம், இறக்கினால் குறைக்கலாம். வண்டியின் உயரம் மாறாமல் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இடது பையையும் வலது பையையும் ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துப் பைக்குப் போய்விடும். சாய்வு குறைவதற்குப் பதில் கூடும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும்.

மூன்றாவது வழி, அச்சு மோதும் சிறு ரப்பர்க் கட்டைக்குப் பதிலாக, உள்ளே வெற்றிடமுள்ள பெரிய ரப்பர் வில்லைப் பொருத்துவது. காற்றும் வேண்டாம், கசிவும் இல்லை. ஆனால் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது.

குதித்தலும் சாய்தலும்

வில் வாங்கிய ஆற்றலை விழுங்குவதில்லை, திருப்பித் தந்துவிடும். அதை வெப்பமாக மாற்றி ஆட்டத்தை அடக்குவது 'ஷாக் அப்சார்பர்'. தமிழில் அதிர்வுத் தணிப்பான் என்போம். உள்ளே எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகப் பிழிந்து செல்லும். ஆட்டத்தை ஒரே மூச்சில் அடக்கத் தேவையான தணிப்பு, வில்லின் விறைப்பையும் பொருண்மையையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். நம் கணக்கில் விறைப்பு 2 மடங்கு, சுமை 2.4 மடங்கு. பெருக்கினால் 4.8, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.2. எனவே பழைய தணிப்பானை விட்டுவிட்டு வில்லை மட்டும் மாற்றினால், தணிப்பு தேவையில் பாதிக்கும் குறைவாகிவிடும். வண்டி ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் குதித்துக்கொண்டே போகும். வில்லை மாற்றுபவர் தணிப்பானையும் மாற்றியே ஆக வேண்டும்.

சாய்தல் இன்னும் ஆபத்தானது. வண்டி கவிழாமல் நிற்கும் திறனை அளக்க ஓர் எளிய எண் உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். சக்கர இடைவெளி 170 செ.மீ., வெறும் வண்டியின் ஈர்ப்பு மைய உயரம் 70 செ.மீ. என்றால் அந்த எண் 1.21. அந்த 2900 கிலோ வண்டியின்மேல், தரையிலிருந்து 160 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையம் கொண்ட 1500 கிலோ கேம்பரை ஏற்றினால், மொத்த ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 101 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும்; எண் 0.84 ஆகிவிடும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வெறும் வண்டி கவிழும் எல்லை மணிக்கு 88 கி.மீ. என்று கணக்கு வருமானால், கேம்பரோடு அது 73 கி.மீ.க்கு இறங்குகிறது. இதுவும் வில்லும் டயரும் வளையாத ஏட்டுக் கணக்கு; நடைமுறையில் எல்லை இன்னும் கீழே.

சாய்வைக் குறைக்க இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் முறுக்குத் தண்டு ஒன்றால் இணைப்பர். ஒரு பக்கம் மட்டும் அமுங்கும்போது தண்டு முறுகி அதை எதிர்க்கும். வண்டியின் ஊசலாட்டம் குறைந்து ஓட்டுநருக்கு நம்பிக்கை பிறக்கும். ஆனால் ஈர்ப்பு மையத்தின் உயரத்தைத் தண்டு குறைப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சாய்வு குறைந்துவிட்டதே என்று வேகத்தைக் கூட்டுபவர், எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்தவர் ஆவார்.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும்

திருப்புத்திறன் பற்றி நாம் முதலாண்டிலேயே படித்தோம். கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் இருந்தால், 1000 கிலோவில் 950 பின் அச்சுக்கும் 50 முன் அச்சுக்கும் போகும். அதே கேம்பரின் ஈர்ப்பு மையம் 20 செ.மீ. பின்னால் இருந்தால், பின் அச்சின்மேல் 1050 கிலோ ஏறி, முன் அச்சிலிருந்து 50 கிலோ கழியும். முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. இதற்கு எந்த வில்லாலும் மருந்து செய்ய முடியாது.

இதனால்தான் அமெரிக்கக் கூட்டரசின் விதித்தொகுப்பில் 575.103 என்ற பிரிவு இதற்கெனவே அமைந்துள்ளது. கேம்பர் செய்பவர் அதன் எடையையும் ஈர்ப்பு மையம் எங்கே உள்ளது என்பதையும் தெரிவிக்க வேண்டும். வண்டி செய்பவர் அந்த ஈர்ப்பு மையம் பெட்டியின் எந்தப் பகுதிக்குள் விழ வேண்டும் என்பதைத் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் பொருத்திப் பார்ப்பது வாங்குபவர் கடமை.

வில் செய்ய முடியாதது

இப்போது கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். வில்லை எவ்வளவு வலுப்படுத்தினாலும் வண்டி சுமக்கக்கூடிய அளவு ஒரு கிலோகூடக் கூடுவதில்லை! வண்டியின் சுமைத்திறன் என்பது வில், அச்சு, சக்கரம், டயர், பேரிங், பிரேக், சட்டம் ஆகிய கண்ணிகளைக் கொண்ட ஒரு சங்கிலி. சங்கிலியின் வலிமை மெலிந்த கண்ணியின் வலிமைதான். வில் என்ற ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கினால் மற்றவை தடிமனாகிவிடுமா?

பட்டறையில் ஒருநாள் ஒரு லாரி ஓட்டுநர் என் சித்தப்பாவிடம், "அண்ணே, ரெண்டு பட்டை சேத்துப் போட்டுட்டா இன்னும் ரெண்டு டன் ஏத்தலாமில்ல?" என்று கேட்டார். சித்தப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பட்டை உன் வண்டிய நிமித்தி நிறுத்தும் தம்பி. ஓடற வண்டிய நிறுத்தறது பிரேக்கு. அதுக்கு நான் பட்டை போட முடியாது." இயற்பியல் ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

அவர் சொன்னதைக் கணக்காகப் பார்ப்போம். 2900 கிலோ வண்டி 4550 கிலோ ஆனால், அதே வேகத்தில் இயக்க ஆற்றல் 1.57 மடங்காகிறது. அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாக வேண்டும். பழைய அளவு வெப்பமே போதும் என்றால், 80 கி.மீ. வேகத்தில் செல்பவர் 64 கி.மீ.க்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். மலை இறக்கத்தில் இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு.

அடுத்து டயர். டயரின் பக்கச் சுவரில் ஒரு சுமை எண் பொறிக்கப்பட்டிருக்கும். 113 என்றால் ஒரு டயர் 1150 கிலோ வரை தாங்கும். 121 என்றால் 1450 கிலோ. பின் அச்சில் 2742 கிலோ நிற்குமானால், முதல் வகை டயர்கள் இரண்டும் சேர்ந்து 2300 கிலோவுக்கு மேல் தாங்கா. இரண்டாம் வகை 2900 கிலோ தாங்கும். காற்றுக் குறைந்தாலும் சுமை மிகுந்தாலும் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக நெளிந்து சூடாகி, இறுதியில் வெடிக்கும். மேலே காற்றுப்பை வைத்து வண்டியை நிமிர்த்திவிட்டால் அமுங்கல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டயர் படும் பாடு அப்படியே இருக்கும்.

ஸ்டைன்பெக்கின் நூலிலும் இதுவே நடக்கிறது. படிக்காமல் வைத்திருந்த நூல்களை மட்டுமே ஏறத்தாழ 150 பவுண்டு, அதாவது 68 கிலோ, ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர் அவர். ஒரிகான் மாநிலத்தில் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர் வண்டியின் டயர் வெடித்தது. அந்தச் சுமையைத் தாங்கும் கனத்த டயர்கள் கிடைத்த பிறகே பயணம் தொடர்ந்தது.

மயிலிறகைப் போன்ற இலேசான பொருளானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டி என்ன ஆகும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், 475ஆம் குறளில் சொல்லியிருப்பதை நாம் அனைவரும் அறிவோம். முறிவதாக அவர் காட்டும் உறுப்பு எது என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது அச்சு! ஒரு வண்டியின் எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்த கண் அது.

எடை மேடையே முதல் பட்டறை

எனவே கேம்பர் ஏற்ற விரும்புபவர் முதலில் போக வேண்டிய இடம் ஸ்பிரிங் பட்டறை அன்று, எடை மேடை. வண்டியின் மொத்த எடை எவ்வளவு வரை போகலாம், ஒவ்வோர் அச்சிலும் எவ்வளவு வரை போகலாம் என்பதை ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். கணக்குக்காக, மொத்த எல்லை 4500 கிலோ, பின் அச்சின் எல்லை 2800 கிலோ, வெறும் வண்டி 2900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 1600 கிலோ. விலைப்பட்டியலில் கேம்பரின் எடை 1200 கிலோ என்று போட்டிருக்கிறது. இன்னும் 400 கிலோ மிச்சம் என்று மனம் மகிழும்.

ஆனால் 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. எரிவாயு உருளையும் பாட்டரியும் 60 கிலோ. துணிமணி, பாத்திரம், உணவு 100 கிலோ. இருவர் ஏறினால் 140 கிலோ. கூட்டினால் 1650 கிலோ. எல்லையைவிட 50 கிலோ அதிகம்! இத்தனைக்கும் யாரும் ஆடம்பரமாக எதையும் ஏற்றவில்லை. பின் அச்சைத் தனியே நிறுத்தி எடை போட்டால் 2742 கிலோ. அது எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே குறை மொத்த எடையில்தான்.

இதற்கு மருந்து என்ன? காற்றுப்பையா? கூடுதல் பட்டையா? இரண்டும் அல்ல. தண்ணீர்த் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, 100 லிட்டரோடு புறப்பட்டால் போதும். வழியில் தண்ணீர் கிடைக்காமல் போகாது. எடையும் அதன் இடமும் எல்லைக்குள் வந்த பிறகு, டயரைச் சரிபார்க்க வேண்டும். அதன்பின் தணிப்பான், உதவிப் பட்டை அல்லது காற்றுப்பை, முறுக்குத் தண்டு என்று வரிசையாகப் போகலாம். அப்போது அவை ஒவ்வொன்றும் தம் வேலையைச் செவ்வனே செய்யும். வண்டி நிமிர்ந்து நிற்கும்; குதிக்காது; வளைவில் சாயாது. எல்லையை மீறிய வண்டிக்கு இவற்றைச் செய்தாலோ, அது நலமாக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

முடிவுரை

கேம்பர் அமெரிக்கரின் விடுமுறைப் பொருள்; நமக்கு எட்டாததாக இருக்கலாம். ஆனால் அதன் பாடம் நம் சாலைகளுக்கும் பொருந்தும். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அளவுக்கு மீறிய பாரத்தைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பட்டை சேர்த்ததால் பதிவுப் புத்தகத்திலுள்ள எடை எண் மாறிவிடாது. அந்த எண்ணை எழுதியவர்கள் வில்லை மட்டும் எண்ணி எழுதவில்லை. பிரேக்கையும் டயரையும் அச்சையும் சேர்த்தே எண்ணி எழுதினார்கள்.

நிமிர்ந்து நிற்கும் வண்டியெல்லாம் நலமான வண்டி என்று நம்பிவிடக் கூடாது என்பதே நான் பட்டறையிலும் பாடநூலிலும் ஒருங்கே கற்றது. ஹூக்கின் விதியைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறும் நாம், நம் வீட்டு வண்டியிலோ உறவினர் வண்டியிலோ பாரம் ஏற்றும் நாளில், கதவருகே உள்ள அந்தச் சீட்டையும் டயரின்மேல் உள்ள அந்த எண்ணையும் ஒருமுறை குனிந்து படிப்போமாக. படித்த படிப்புக்கு அதைவிடச் சிறந்த பயன் வேறு இல்லை.